எண்ணூறு மீட்டரில் ஒரு கிழிசல்

என் செல்லக் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இருமல் விட்டதா என்று போனில் கேட்டால், விட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருமுகிறாய், உன்னை என்ன செய்வது. இது நான் எடுக்கும் மூன்றாவது தாள், முதல் இரண்டையும் கிழித்துப் போட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துவிடுகிறது. நாற்காலியில் முள்ளா இருக்கிறது என்று கேட்ட உன் அப்பா, பதிலுக்குக் காத்திராமல் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய மஸ்லின் துணி ஒன்றின் டிசைனை, அப்படியே புது மஸ்லினில் அச்சடித்துத் தர எங்கள் பட்டறைக்கு ஆர்டர் வந்தது. அந்தத் துணியின் போட்டோவைப் பார்த்து வரைந்தவள் நான்தான். கொடியும் மொட்டுமாக அத்தனை அழகு, குட்டி. ஒரு கொடியின் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலை போலச் சின்னதாக ஒன்று இருந்தது, இதுவும் ஒரு பூ என்று நினைத்துக் கோடு கோடாக எண்ணி வரைந்தேன். எதையும் கூட்டாதே, எதையும் விடாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் இல்லையா. என் படத்தை வைத்து ஸ்கிரீன்காரர் அச்சடிக்கும் ஸ்கிரீன் சட்டத்தைச் செய்தார், எண்ணூறு மீட்டர் அச்சாகிவிட்டது, சாணுக்கு ஒரு வலை. அனுப்பிய மாதிரித் துண்டைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை அருங்காட்சியகத்திலிருந்து கடிதம், இந்த வலை எங்கள் டிசைனில் கிடையாதே, எங்கிருந்து வந்தது என்று. முதலாளியம்மா யோசிக்கவே இல்லை, ஸ்கிரீன் கெட்டுத்தான் இந்தத் தடம் விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டி, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று ஸ்கிரீன்காரரிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

நான் போய்ப் பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தேன். பூவுமில்லை, வலையுமில்லை. என்றைக்கோ அந்தத் துணி கிழிந்து, எவளோ ஒருத்தி நூலால் இழையோட்டி அடைத்திருக்கிறாள். உன் யூனிபார்மில் இப்படி எத்தனை கிழிசலை அடைத்திருப்பேன், என் கண்ணுக்கே தெரியவில்லை பார். உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண் மங்கிவிட்டது என்று வரையும் மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்களே என்று பயம். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று, வியாழனும் போயிற்று, ஸ்கிரீன்காரரும் நல்ல ஸ்கிரீனைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். இன்றைக்குத் தலைவலி என்று பொய் சொல்லி வீட்டில் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, குட்டி.

மேலே உள்ள வரியோடு பேனாவை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய் வந்தேன். ஜோடி மாறிய செருப்போடு போகிறாய் என்று அப்பா கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை, நின்றால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க, அதுவரைக்கும் மேசையில் வேறு ஆள் உட்காரட்டும் என்றார். அதை எதிர்பார்த்துத்தான் போனேன். பின்கட்டில் ஸ்கிரீன்காரர் தண்ணீர்க் குழாயடியில் இருந்தார். அவரிடமும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயை மூடினார், கையைத் துடைத்தார்.

"நாலு நாளா சோறு எறங்கலக்கா. என் கைதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார்.

நீ இதைப் படித்த கையோடு போன் போட்டு, பரவாயில்லைம்மா என்று சொல்லாதே. அதை அவர் சொல்ல வேண்டும், அவர் சொல்லவில்லை. நாளைக்கும் போய் அவர் முன்னால் நிற்கப் போகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். புது வீட்டுக் கதவு எண்ணைத் தெளிவாக எழுதி அனுப்பு, போன தடவை ஒன்றா ஏழா என்றே தெரியவில்லை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா