கொல்லையில் இரண்டு பச்சை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், என் இடுப்பு ஒன்றைத் தவிர. அது ஏன் என்று கீழே வருகிறது. நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூன்று பேரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். குளிர் கூடிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாம், காதை மூடாமல் வெளியே போகாதே, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் மக்கர் பண்ணும்.

போனில் பேசும்போது பின்னால் என்ன சத்தம் என்று கேட்டாயே, பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்று அடித்துவிட்டேன். நடந்தது நம் வீட்டில்தான். கொல்லையில் கிடந்த உடைந்த தொட்டி, என் பழைய ஸ்கூட்டர், துணி காயப்போடும் கொடி எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுச் செயற்கைப் புல் விரித்து விளையாட்டுக் கோர்ட் போட்டிருக்கிறேன். சிரிக்காதே. மாடிப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது, உங்களுக்கெதுக்கு கோர்ட்டு என்று உன் அம்மா கேட்டாள். டாக்டர் நடக்கச் சொன்னாரே என்றேன். நடக்கத்தானே சொன்னாரு, ஓட்டப்பந்தயத்துக்கா போகச் சொன்னாரு என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். காரணம் அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அங்க வந்தா பையனுக்கு ரொம்ப போரடிக்குதுப்பா, இந்த லீவுக்கும் சந்தேகம்தான் என்று நீ சொன்ன மறுநாளே புல் கம்பெனிக்குப் போன் போட்டவன் நான்.

கம்பெனி ஆட்கள் தரையை மட்டம் செய்து கல்தூள் கொட்டி இறுக்கிவிட்டு, புல் சுருள்களை இறக்கிப் போட்டுவிட்டு, விரிக்க அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள். உனக்குத்தான் என் பொறுமை தெரியுமே. பாய் விரிக்கத் தெரிந்தவனுக்குப் புல் விரிக்கத் தெரியாதா என்று நானே இறங்கிவிட்டேன். ஒத்தாசைக்கு உன் மாமா வந்தான். ஆயுசு முழுக்கத் துணி வெட்டிய தையல்காரன் அவன், ஊரார் நிலத்தையெல்லாம் அளந்த சர்வேயர் நான், யார் சொல்வதை யார் கேட்பது என்பதிலேயே காலை போய்விட்டது. கடைசியில் அவன் மதில் பக்கமிருந்து ஆரம்பிப்பது, நான் வீட்டுப் பக்கமிருந்து ஆரம்பிப்பது, நடுவில் சந்திப்பது என்று முடிவானது. சுருளை இடமிருந்து வலமாக உருட்ட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் அதிசயமாக ஒரே கருத்து. ஆனால் அவன் என்னைப் பார்த்து நிற்கிறான், நான் அவனைப் பார்த்து நிற்கிறேன், என் இடது பக்கம் அவனுக்கு வலது பக்கம் என்பது இத்தனை அனுபவமுள்ள இரண்டு தலைக்கும் எட்டவில்லை. பசை போட்டு ஒட்டி, பிடித்துக்கொண்ட இடுப்போடு நிமிர்ந்து பார்த்தால் பாதிக் கோர்ட் இளம்பச்சை, பாதி கரும்பச்சை. புல்லெல்லாம் ஒரு பாதியில் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மறு பாதியில் அந்தப் பக்கம். பந்தை உருட்டினால் என் பாதியில் ஓடுகிறது, அவன் பாதியில் முரண்டு பிடிக்கிறது. கம்பெனி மேஸ்திரி வந்து, இதை யாருங்க ஒட்டினது என்று கேட்டார். நான் உன் மாமாவைக் காட்டினேன், அவன் என்னைக் காட்டினான். வெல்வெட்டுக்கு இழை எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்துத்தான் வெட்டுவேன், புல்லுக்கும் பார்க்கணும்னு யாரு கண்டா என்று அவன் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறான். பிய்த்து ஒட்டினால் கிழிந்துவிடுமாம், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இதோடு விட்டதா? அடுத்த நாள் விடிந்ததும் பழக்கதோஷத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்த பேங்க்காரர் எட்டிப் பார்த்து, நல்லா வருதா சார் என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மத்தியானம் செருப்பில்லாமல் அதில் கால் வைத்துவிடக்கூடாது, தோசைக்கல் மாதிரி சுடுகிறது, அதையும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அம்மாவின் துணிக்கொடிக்கு இன்னும் வேறு இடம் பார்க்கவில்லை, அதனால் தினமும் எனக்கு அர்ச்சனை நடக்கிறது.

நேற்று வெல்டர் வந்தார், கூடைப்பந்து வளையத்துக்குக் கம்பம் நட. விளையாடப்போற பையன் எவ்வளவு உயரம் சார், அதுக்குத் தகுந்த மாதிரி மாட்டிடலாம் என்றார். நான் யோசிக்கவே இல்லை, இவ்வளவு என்று என் இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினேன். அம்மா உள்ளே போய், நீ போன வாரம் அனுப்பிய போட்டோவைப் போனில் எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். வாசல் கதவுப் பக்கம் உன்னோடு நிற்கிறான். அவன் தலை உன் காது வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் போட்டோவை நானும் எத்தனையோ தடவை பார்த்தவன்தான், முகத்தைப் பார்த்தேனே தவிர உயரத்தைப் பார்க்கவில்லை. வெல்டர் அளவு கேட்டுக்கொண்டு நிற்கிறார், என் கை இடுப்பிலேயே நிற்கிறது. இன்னொரு நாள் வாங்க என்று அவரை அனுப்பிவிட்டேன். கம்பமும் வளையமும் மதிலோரம் படுத்திருக்கின்றன.

உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இதைப் படித்ததும் டேப்பை எடுத்து அவனை அளந்து எனக்குப் போனில் சொல்லிவிடாதே. எனக்கு அளவு வேண்டாம், ஆளைக் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா