மூன்று குறுக்குக் கட்டைகள்

இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுப்பவர் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கவும். எழுதுபவர் எமரன்சியா மிராண்டா, பசை வேதியியலர், வயது 71. படகில் தனியாள்.

4 மார்ச் 2068, காலை 6.10
மன்னார் வளைகுடா, ஒன்பதாம் நிலையம். நீரின் வெப்பம் 33.4 டிகிரி. பிளாஸ்டிக்கைத் தின்பதற்காக இருபது ஆண்டுகளுக்கு முன் கடலில் விடப்பட்ட நுண்ணுயிர், இப்போது ஃபைபர் படகுகளை இறுக்கிப் பிடிக்கும் பாலியெஸ்டர் ரெசினையும் தின்கிறது. சாதாரண ஃபைபர் படகு இங்கே மூன்று மணி நேரம்தான் தாங்கும். என் படகின் ஃபைபர் உடல் எப்பாக்சி என்ற வேறு வகைப் பசையால் இறுகியது. அதை நுண்ணுயிர் தொடாது. பன்னிரண்டு நீர் மாதிரிகள் எடுத்தேன்.

5 மார்ச், காலை 7.25
அடித்தளத்தில் புளித்த நாற்றம். அடித்தளத்தைத் தாங்கும் மரக்கட்டைகளில் ஒன்று, ஆறாம் குறுக்குக் கட்டை, ஃபைபரை விட்டு விலகியிருக்கிறது. இடுக்கில் நகம் நுழைகிறது, பழுப்புக் கூழ் வழிகிறது. கையை மூன்று முறை சோப்பிட்டுக் கழுவினேன். எப்பாக்சி இப்படி அழுகாது.

காலை 7.50
வானொலியில், படகைக் கட்டிய தொம்மை மேஸ்திரி.
"நீங்க எழுதிக் குடுத்த பசைதான் மேடம்."
"பொய்."
"மூணு கட்டைக்கு மட்டும் பாலியெஸ்டர் போட்டோம். ஆறு, ஏழு, எட்டு. எப்பாக்சி இறுக ஒரு நாள் ஆவும், அது அரை மணியில இறுகிரும். மறுநா காலைல சாமியார் படகை மந்திரிக்க வந்து நிக்காரு, நான் என்ன செய்ய? சாரோட நினைவு நாளுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதான மேடம்!"

நான்தான். என் கணவர் லாம்பர்ட் இருந்திருந்தால் சிரித்திருப்பார். எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பாதி அந்த மனிதனை நினைத்து. மீதியை எழுத வேண்டியதில்லை.

காலை 10.15
மூன்று கட்டைகளும் விட்டால் அடித்தளம் பிளக்கும். இப்படியே இன்ஜினை ஓட்டினால் அதிர்விலேயே விட்டுவிடும். கையிருப்பு: பாலியுரேதேன் பசைக் குழாய் இரண்டு. ஈர மரத்திலும் பிடிக்கும், ஆனால் ரப்பர் போல் வளையும், பாரம் தாங்காது. வேலையாட்கள் விட்டுப்போன பாலியெஸ்டர் டப்பா ஒன்று. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, கவிழ்த்து மூடி வைத்தேன். எப்பாக்சி 400 கிராம். ஒரு கட்டைக்குத்தான் போதும். ஆறாம் கட்டைக்கு எப்பாக்சியேதான்.
மரத்தில் ஈரம் 26 சதவீதம். பன்னிரண்டுக்கு இறங்க வேண்டும். விளக்கின் சூட்டில் உலர்த்துகிறேன்.

6 மார்ச், காலை 9.00
ஈரம் பன்னிரண்டு. மரம், ஃபைபர் இரு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மரம் குடிக்க முதலில் மெல்லிய பூச்சு, பிறகு சிலிக்கா தூள் கலந்த கெட்டிப் பூச்சு. கட்டையை அழுத்திப் பிடிக்கும் திருகை அளவோடு முறுக்கினேன். அதிகம் இறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியேறும். நாளைக் காலை ஒன்பது வரை இன்ஜினைத் தொடக்கூடாது. அதிர்ந்தால் ஒட்டு போகும்.

காலை 11.20
வானொலியில் மறுபடி தொம்மை.
"மேடம், கிளம்பிட்டேன். உங்கள ஏத்திட்டு வந்திருதேன்."
"உன் படகு பாலியெஸ்டர். திரும்பிப் போ, மடையா."
"ஏசுறத நேர்ல ஏசிக்கிடுங்க."
வேலையிலும் அவசரம், பிராயச்சித்தத்திலும் அவசரம். சகிக்கவில்லை.

பிற்பகல் 2.35
"மேடம், அடியில பஞ்சு பஞ்சாப் பிரியுது. இன்ஜின் நின்னுட்டு."
நான்கு கிலோமீட்டர், வடமேற்கு. ஒட்டி ஐந்தரை மணி நேரம்தான் ஆகிறது. பசை இன்னும் நகம் பதியும் பதத்தில் இருக்கிறது. பாடப்புத்தகப்படி இது முட்டாள்தனம். இன்ஜினை முடுக்குகிறேன்.

பிற்பகல் 3.20
தொம்மையை இழுத்து ஏற்றிவிட்டேன். அவன் படகு ஈரத் துணியாகிக் கிடக்கிறது. ஏறியதும் "ஸாரி மேடம்" என்றான். வாயை மூடிக்கொண்டு ஏழாம் கட்டையை மிதிக்கச் சொன்னேன்.

3.45
எட்டாம் கட்டை விட்டது. நீர் கணுக்கால் வரை. கரை பதினெட்டு கிலோமீட்டர்.

4.05
அவன் ஏழாம் கட்டையில் முதுகைக் கொடுத்துப் படுத்திருக்கிறான். நான் ஆறாம் கட்டையின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். "அசையல மேடம், ஓட்டுங்க, அசையல" என்று கத்துகிறான். எனக்குக் கீழே அந்த ஒட்டு மெதுவாக