பால் ஒத்துக்கொள்ளாத மருமகள் எழுதுவது

இங்கே ஆக்லாந்தில் நான் போகும் சூப்பர் மார்க்கெட்டில் பாலுக்கென்று சுவர் நீளத்துக்குக் குளிர் அலமாரி இருக்கிறது. அதில் ஒரு மூலை முழுவதும் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்றே பதப்படுத்திய பால். எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு மூலை! நேற்று அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்தபோது, யாரோ சிந்திவிட்டுப் போன பாலின் வாடை குப்பென்று அடித்தது. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, மாமி. அன்போடு வந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உங்கள் மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே அரைநாள் ஆகும். அதனால் இதில் தாராளமாகத் திட்டலாம்.

நம் தீவு நாட்டில், நான் புலிலேகாவிலிருந்து கப்பலேறி, பா என்ற உங்கள் ஊருக்கு வாழ வந்த புதிதில், ஊரிலேயே உங்கள் மாட்டுக்குத்தான் பெரிய பேர். ராணி என்று பேர் வைத்திருந்தீர்கள். நடையும் ராணி மாதிரிதான். மாலையில் கறந்த பாலைக் காய்ச்சி எனக்கு ஒரு பெரிய தம்ளர் நிறையத் தருவீர்கள். எங்கள் அப்பா வீட்டில் மாடு கிடையாது, கருப்பு டீதான். அந்த முதல் மாதத்திலேயே எனக்கு வயிறு உப்பிக்கொண்டு இழுத்துப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கொல்லைக்கும் வீட்டுக்குமாக ஓடுவேன். டவுனில் இருந்த பெரிய டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அல்சர் என்றார். காரம் வேண்டாம், பால் நிறையக் குடி என்றார். அப்புறம் காலையிலும் ஒரு தம்ளர் வந்தது. வலி இரண்டு மடங்காயிற்று. வலிக்கிறது என்று சொன்னால் மூன்றாவது தம்ளர் வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உயிர் போயிற்று.

கரும்பு வெட்டும் காலத்தில், யார் நிலத்தில் வெட்டுகிறார்களோ அந்த வீட்டுக்காரர்கள்தான் வெட்ட வரும் கேங் ஆட்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். விடிவதற்குள் ரோட்டி தட்டி, பருப்பு வைத்து, டின் மீன் குழம்பு கூட்டி, அண்டா அண்டாவாக இறக்க வேண்டும். காலைப் பாலைக் குடித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன். ரோட்டி பாதி தட்டும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். உங்களுக்கு வாயில் தமிழும் இந்தியும் கலந்துதான் வரும். "பஹானா பண்றா, பாசாங்கு. சோறு துன்ன வலிக்கல, ஆக்கத்தான் வலிக்குது," என்று கோயிலில் நாலு பேர் கேட்கச் சொன்னீர்கள்.

அந்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளை அடைத்தார்கள். கரும்பை வெட்ட மாட்டோம் என்று விவசாயிகள் கத்தியைக் கீழே போட்டார்கள். அதே வாரம் ஒரு காலையில் தொழுவத்தில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. ராணியை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். நானும் உங்களுக்காக அழுதேன், அதை மறந்துவிடாதீர்கள்.

என் வலி நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. நீங்கள் அதைக் கவனித்தீர்கள், கெட்டிக்காரி அல்லவா! "பாத்தியாடா? கேங்குக்கு ஆக்கிப்போடற வேல இல்ல, இவளுக்கு வலியும் இல்ல," என்று மகனிடம் சொன்னீர்கள். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எந்த வலியையும்விட மோசம். ஆக்லாந்திலிருந்த அவருடைய அண்ணன் அப்போதுதான் அவரை அங்கே வரச்சொல்லியிருந்தார். என்னைக் கூட்டிப்போவதா, அப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் வீட்டில் பேச்சு. "போற எடத்துல இந்தப் பாசாங்குக்காரிய வச்சிக்கிட்டு இன்னா பண்ணுவ? புலிலேகாவுக்கு அனுப்பிடு," என்றீர்கள். நான் பொய்க்காரி இல்லை என்று காட்டினால்தான் புருஷனோடு போக முடியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அல்சர் என்று சொன்ன டாக்டர் முதல் ஆளாகக் கப்பலோ விமானமோ ஏறி ஆஸ்திரேலியா போய்விட்டார். அவர் இடத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டரம்மா இருந்தார். அவரும் கிளம்புகிற அவசரத்தில்தான் இருந்தார். மேசைக்குக் கீழே கட்டி வைத்த பெட்டிகள். வலி நின்றபோது வேறு என்னவெல்லாம் நின்றது என்று கேட்டார்.

"வேல நின்னுச்சும்மா."

"அப்புறம்?"

"மாடு பூட்ச்சு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டும் ஒரே சமயத்தில் நின்றதால் எது காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பால், தயிர், மோர், பால் மாவு எதையும் தொடாமல் முதலில் வேலை செய். வலி வராவிட்டால், பிறகு வேலை இல்லாத ஒரு நாளில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பால் குடி. யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள் என்றும் சொன்னார். பாலைச் செரிக்கிற சக்தி நம் ஊர்க்காரர்களில் நிறையப் பேருக்கு வளர்ந்த பிறகு குறைந்துவிடும், அது உன் குற்றமில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

கரும்பு வெட்டு மறுபடியும் தொடங்கியது. கேங் முழுவதுக்கும் தனியாளாக நின்று சமைத்துப் போட்டேன். ஒரு சுருக்கென்ற வலிகூட இல்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் மகன் டவுனுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டில் பால் வாங்கி உங்கள் முன்னால் உட்கார்ந்து குடித்தேன். சாட்சிக்கு உங்களைத்தான் தேர்ந்தெடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வயிறு கடகடவென்று உருண்ட சத்தம் உங்களுக்கே கேட்டது. வயிறு உப்பியதை நீங்களே தொட்டுப் பார்த்தீர்கள். நான் சுருண்டு கிடந்தபோது முகத்தைத் துடைத்துவிட்டீர்கள். "அய்யோ, மெய்தான் போலக்கீது," என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள்.

மாலையில் மகன் வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். "ஒண்ணும் ஆவல. சும்மா படுத்துனுக்குறா," என்றீர்கள். பாலால்தான் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

மெய் தெரியாமல் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். தெரிந்து சொன்னீர்கள். மகன் தூர தேசம் போகிறான், பெண்டாட்டியும் போய்விட்டால் பணமும் கடிதமும் உங்களுக்கு வராது என்ற பயம் என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள். இருக்கலாம். என்னைப் புலிலேகாவுக்குக் கப்பல் ஏற்றினீர்கள். அவர் மனம் மாறி என்னைக் கூப்பிட இரண்டு வருடமாயிற்று. வாழாவெட்டி என்று கூப்பிட்ட வாய்களையெல்லாம் எனக்கு இன்றைக்கும் அடையாளம் தெரியும்.

அடுத்த முறை ஆட்சியைக் கவிழ்த்தபோது நீங்களும் ஆக்லாந்து வந்து சேர்ந்தீர்கள். இந்த ஊர்ப் பாலைப் பார்த்து உங்களுக்கு வாயெல்லாம் பல். ராணி திரும்பி வந்த மாதிரி காலையும் மாலையும் குடித்தீர்கள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஊரை விட்டு வந்த ஏக்கம், மனசுதான் காரணம் என்றார் டாக்டர். அன்று வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நான் பொய் சொல்றனாடி? ஒருத்தரும் நம்பலியே," என்று அழுதீர்கள்.

மாமி, அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், பிள்ளை பக்கத்திலிருந்தாள்.

எனக்குப் பார்த்த அதே வைத்தியத்தை உங்களுக்கும் பார்த்தேன். பாலை நிறுத்தினேன், வலி நின்றது. ராணியின் பாலைச் செரித்த வயிறு வயதானபின் மாறிவிட்டிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, உங்கள் மகனை எதிரே உட்காரவைத்துவிட்டு, தம்ளரை உங்கள் கையில் கொடுத்தேன். பாதி குடித்தீர்கள். வயிறு உருண்டது, உப்பியது, நீங்கள் சுருண்டீர்கள். அன்றைக்கு நான் நடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லுங்கள், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

நீங்கள் மகனைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இவ பால்ல என்னமோ கலந்துட்டாடா."

உங்கள் மகன் எழுந்து வந்தார். மீதிப் பாலை மடக் மடக்கென்று குடித்தார். நாற்காலியை இழுத்து உங்கள் முன்னாலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உங்கள் வலி தணிந்த பிறகும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அம்மா, அன்னிக்கும் இப்பிடித்தான் சொன்னியா?" என்று கேட்டார்.

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு சாகும்வரை பாலைத் தொடவில்லை, வலியும் வரவில்லை. ஆக்லாந்துத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று கோயிலில் சொல்லித் திரிந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவேயில்லை. என்னிடம் இன்றைக்கும் இருப்பது நீங்கள் கொடுத்த நகையல்ல, புடவையல்ல. அந்த இரண்டு வருடம்தான். வாசலில் கார் சத்தம் கேட்டால், என்னைத் திருப்பி அனுப்ப ஆள் வந்துவிட்டதோ என்று இப்போதும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன்.

உங்களை எரித்த பிறகு பால் தெளிக்கிற சடங்கு. பூசாரி சாம்பலைத் தட்டில் ஆள் மாதிரி பரப்பி, மருமகளைக் கூப்பிட்டார். ரெண்டு சொட்டு போதும் என்றார். உங்கள் மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம்னா நான் ஊத்தறேன்," என்றார். நான் சொம்பை விடவில்லை. வயிறு எந்த இடம் என்று பூசாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கேயே ஊற்றினேன். சொம்பு பாதியானபோது உங்கள் மகன் என் கையைத் தொட்டு, "போதும்," என்றார்.

எனக்குப் போதவில்லை, மாமி. மிச்சத்தையும் ஊற்றினேன்.