தேங்காய் உடைத்தது நான்

அஜின்கோர்ட், ஸ்காபரோ
10.03.1996

அன்புள்ள மகன் பிரியந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் தங்கச்சி துர்க்காவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் பனி கரையும்வரை சுகப்பட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. எட்மன்ரன் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரிடம் விட்டிருக்கிறேன். போன கிழமை நீ ரெலிபோனில் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபிக்காதே. அழுகை வந்தது, வைத்தேன். இப்போது ஆத்திரம்தான் இருக்கிறது, ஆத்திரம் வந்தால் எனக்கு எழுத்து நன்றாக வரும். "விடுங்கோ அம்மா, அது முடிஞ்ச கதை, கிளறாதைங்கோ" என்றாய். கிளறத்தான் போகிறேன், கிளறத் தொடங்கியும் விட்டேன்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் இந்த ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆகவே ஒருமுறை என் கையால் எழுதி வைக்கிறேன். தொண்ணூற்றியோராம் ஆண்டு ஆவணியில் நீ உன் முதல் காரை வாங்கினாய். நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, எங்கள் மாடிக்கட்டடத்துப் பார்க்கிங்கிலேயே தேங்காய் உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று நின்றது நான். இஞ்சை உது சரிவராதம்மா, கட்டடம் பாக்கிற சுப்பிரின்டன் கத்துவான் என்று நீ தலைதலையாய் அடித்துக்கொண்டாய். நான் கேட்டேனா? ஓங்கி அடித்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா அந்த மனுசன் கத்திக்கொண்டு காருக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், சிரட்டைத் துண்டொன்று பறந்து அவன் புருவத்தைக் கிழித்துவிட்டது. தன்மேல் வேண்டுமென்று எறிந்ததாகப் பொலிசைக் கூப்பிட்டான். யார் எறிந்தது என்று பொலிஸ் கேட்டது எனக்கு விளங்கியது, அவ்வளவு இங்கிலிஷ் எனக்கும் தெரியும். நான் வாய் திறக்குமுன் நீ முன்னுக்குப் போய் நான்தான் என்றாய். நான் சேலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் வடிய வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நான் எனக்கு மன்னிக்கவே மாட்டேன்.

ஆயுதத்தால் தாக்கிய குற்றமாம். தேங்காய் ஆயுதமாம்! ஊருக்கெல்லாம் ஃபோம் நிரப்பிக் கொடுக்கும் இராஜரட்ணம் அண்ணை வந்து, லோயரை வைத்தால் வருடக்கணக்கில் இழுபடும், ஒப்புக்கொண்டால் அன்றைக்கே வீடு வரலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியாய்ப் பட்டது. ஊரில் ஆமி உடுப்புப் போட்டவன் கேட்டால் ஓம் என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்து, பிள்ளையை உயிரோடு கூட்டிக்கொண்டு வருவதுதானே எங்களுக்குத் தெரிந்த புத்தி, அதைப் பிளேன் ஏறும்போதும் கூடவே கொண்டு வந்துவிட்டேன். வழக்கு நாளில் கோட்டில் இலவசமாகப் பேச வந்த பெண் லோயரையும் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, "ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா ராசா" என்றேன். நீயும் சொன்னாய். ஆயுதம் என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் தாக்குதல் என்று போட்டு, சிறை வேண்டாம், ஒரு வருடம் நன்னடத்தையாக இருந்து காட்டு என்று விட்டார்கள். தொல்லை விட்டது என்று அன்றைக்குப் பாயாசம் வைத்தேன், எவ்வளவு மடைச்சி நான். எயார்போட் வேலை கைக்கு வந்தபின் பொலிஸ் ரிப்போட்டால் போனபோதுதான் அந்த ஓம் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது. நீ என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, பையைக் கட்டிக்கொண்டு எட்மன்ரனுக்குப் போய்விட்டாய். ஏசியிருக்கலாம்.

போன மாதம் இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனேன். அங்கே வேரோனிக்கா என்று குருநகர்ப் பிள்ளை ஒன்று வேலை செய்கிறது, என்னைப் போலவே வாய்க்காரி. நீதிபதி குற்றவாளி என்று பதியாமல் விடுகிற ஒருவகைத் தீர்ப்பு இருக்கிறதாம், அதன் பதிவு கொஞ்சக் காலத்தில் தானாகப் போய்விடுமாம், அன்றைக்கு லோயர் இருந்திருந்தால் அதைக் கேட்டிருப்பாராம். உனக்குக் குற்றவாளி என்றே பதிந்துவிட்டார்கள், அது தானாகப் போகாது, எழுதிக் கேட்க வேண்டும். உன்னுடையதைப் போன்ற சின்ன வழக்குக்குத் தண்டனை முடிந்து மூன்று வருடம் போக வேண்டும், உனக்கு அது போன ஒக்ரோபரோடு முடிந்துவிட்டது. அதற்குப் பெயர் மன்னிப்பாம். எனக்கு வந்ததே கோபம், என் பிள்ளை செய்யாததுக்கு ஆர் ஆரை மன்னிக்கிறது என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "அன்ரி, பேரிலை என்ன கிடக்கு? அது கிடைச்சால் வேலைக்குத் தேடிப் பாக்கிறவையின்ரை கண்ணிலை உது படாது" என்றாள். திரும்ப இருந்தேன். பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், எனக்குக் காரியம் வேண்டும்.

கோட்டுப் பத்திரத்தை நானே போய் வரிசையில் நின்று எடுத்தேன். ஓட்டாவாவுக்கு அனுப்புகிற மன்னிப்பு ஃபோமைத் துர்க்கா நிரப்பினாள். இராஜரட்ணம் அண்ணை கேள்விப்பட்டு ஓடி வந்து, ஏன் பழசைக் கிண்டுறியள், சனத்துக்குத் தெரிந்தால் துர்க்காவின் கலியாணம் குழம்பும் என்றார். அந்த ஞாயிறே கோயில் அன்னதான வரிசையில் யோகமலருக்கு முழுவதையும் சொன்னேன், அவளுக்குச் சொன்னால் நகரத்தின் மற்றத் தொங்கலில் ரெக்ஸ்டேல் வரை போய்ச் சேரும் என்று உனக்குத் தெரியும்தானே. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லாத் தாளையும் கொண்டுபோய்ப் பிரதி எடுத்து வந்தார்.

ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. உன் பத்து விரலையும் பதிந்து அனுப்ப வேண்டும், அதோடு எட்மன்ரன் பொலிசின் கடிதமும் வேண்டும். இனிப் பொலிஸ் வாசல் மிதிக்க மாட்டேன் என்றாய். அன்றைக்கு அவர்கள் உன் கையைப் பிடித்து அழுத்தினார்கள். இந்தமுறை உன் காலால் நடந்து போய் நீயே கையை நீட்டு. மை சோப்புக்குப் போகாது, சமையல் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டுக் கழுவு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய், உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பார். முத்திரை குத்தும் மையில் என் பத்து விரலையும் பதிந்து, தேங்காய் உடைத்தது இந்தக் கை என்று கீழே எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஓட்டாவாவுக்கு இது தேவையில்லை அன்ரி என்றாள் வேரோனிக்கா. ஓட்டாவாவுக்கு இல்லை, இது உனக்கு.

பேக்கரி வேலையில் நேரத்துக்குச் சாப்பிடு, பாணை மட்டும் கடித்துக்கொண்டு இருக்காதே. துர்க்கா பென்சிலால் புள்ளடி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்து வை, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் அனுப்பு. அந்த மன்னிப்புத் தாள் வந்ததும் நீ வீட்டுக்கு வா. அந்தச் சுப்பிரின்டன் இன்னும் இங்கேதான் இருக்கிறான், அதே பார்க்கிங்கில் இன்னொன்று உடைப்பேன், இந்தமுறை யார் என்று கேட்டால் நான் சொல்லுகிறேன். நீ நீடூழி வாழ வேண்டும், தலை நிமிர்ந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வாய் திறந்துவிட்ட உன் அம்மா,
பாலேஸ்வரி