இலவச வகுப்பில் சேர்ந்த சாக்பீஸ் டீச்சர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே, அது தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே பேனாவை எடுத்தேன். தபாலில் அம்மா கடிதமா என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்பாய், மெசேஜாக அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. உட்கார்ந்து கடைசி வரி வரை படி. நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன், அது எங்கிருந்து தொடங்கியது என்று முதலில் சொல்ல வேண்டும்.

பள்ளி திறந்தவுடன் புதிதாக வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் எங்களையெல்லாம் கூப்பிட்டு, இன்டர்நெட்டில் பாடம் நடத்த எத்தனையோ இலவசமாகக் கிடக்கிறது, வினாடி வினா, படக்கதைப் புத்தகம், பெரிதாக்கிப் பார்க்கிற உலக வரைபடம், எல்லாவற்றையும் இனிமேல் வகுப்பில் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றார். இருபத்தாறு வருடம் கரும்பலகையோடு காலம் தள்ளியவள் நான், உடனே உனக்குத்தான் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, அது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்மா. லிங்க் அனுப்பறேன், பார்த்துக்கோ" என்றாய். அனுப்பினாய், ஒரே மூச்சில் பதினொன்று. முதல் லிங்க்கைத் தொட்டேன், பாஸ்வேர்டு கேட்டது. இரண்டாவதைத் தொட்டேன், நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. மூன்றாவதைத் தொடவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜை டிராயிங் டீச்சர், "எதுக்குக் கவலைப்படறீங்க டீச்சர், டீச்சருங்களுக்குன்னே ஒருத்தர் சனிக்கிழமை மத்தியானம் ஆன்லைன்ல இலவசமா கிளாஸ் எடுக்கறாரு. அப்படி ஒரு பொறுமை. பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாரு" என்று சொல்லித் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பார்த்தால் நீ. நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாய். வார இறுதியில் ஏதோ வேலை என்று நீ சொல்வாயே, இதுதான் அந்த வேலையா? இவன் என் பிள்ளை என்று சொல்ல வாய் வரை வந்தது, ஆனால் சொல்லவில்லை. பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காத அந்த மனிதரை எனக்குத் தெரியாது என்றுதான் தோன்றியது.

அவளைக்கொண்டே புது மெயில் ஒன்று திறந்து, பெயர் கேட்ட இடத்தில் சாக்பீஸ் என்று போட்டு உன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆமாம், எப்போதும் கேமராவையும் மைக்கையும் மூடி வைத்துக்கொண்டு எழுத்திலேயே கேள்வி கேட்பாளே, அந்த சாக்பீஸ் டீச்சர் நான்தான். திட்டுவதாக இருந்தால் கடிதத்தை முடித்துவிட்டுத் திட்டு. முதல் நாள் முப்பத்தெட்டு பேர் இருந்தோம். ஒருத்தர் கர்சர் என்றால் எது என்று கேட்டார். நீ நிதானமாக, "அந்தச் சின்ன அம்புக்குறிதாங்க. அவசரமே இல்லை, கண்டுபிடிச்சதும் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்" என்றாய். காத்திருந்தாய்! எனக்குக் காதில் புகை வராத குறை. காத்திருக்க உனக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது பெற்றவளுக்குத் தெரியவில்லை, ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

நான் முதலில் கேட்டது வினாடி வினாவில் படம் சேர்ப்பது எப்படி என்று. அன்றைக்கே உன்னிடமிருந்து ஆறு படிகளாகப் பதில் வந்தது, எங்கே தொட வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்ட படங்களோடு, முடிவில் "நல்ல கேள்வி டீச்சர், எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க" என்ற வரியோடு. அந்த வரியை நாலு தடவை படித்தேன். அப்புறம் தெரிந்ததையெல்லாம் தெரியாத மாதிரி கேட்க ஆரம்பித்தேன். ஒன்று சொல்ல வேண்டும், நீ கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை. மேலேயிருந்து எடுத்த படமுள்ள அந்த வரைபடத்தை வகுப்பில் பெரிதாக்கிக் காட்டினேன், எங்கள் பள்ளி மொட்டை மாடியில் கிடக்கிற உடைந்த பெஞ்சு அப்படியே தெரிந்தது, பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஹெட்மிஸ்ட்ரஸே ஓடி வந்துவிட்டார். படக்கதைகளைத் திரையில் ஓடவிட்டு வரிவரியாக வாசிக்க வைக்கிறேன், வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண்கூட வாசிக்கிறாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்ல அந்த வாரம் போன் போட்டேன். எடுத்தவுடன் நீ "என்னம்மா, அவசரமா?" என்றாய். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது தப்புக்கு வருகிறேன். உன் வகுப்பில் வார்டு டீச்சர் என்று ஒருத்தர் இருக்கிறாரே, ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருக்கும் குழந்தைகளுக்குப் படுக்கைக்கே போய்ப் பாடம் சொல்லித்தருகிறவர். எல்லோரும் ஒரே ஃபைலில் அவரவர் பக்கங்களைச் செய்து வைக்க வேண்டும் என்று நீ வீட்டுப்பாடம் கொடுத்தபோது அவர் பன்னிரண்டு பக்கம் செய்திருந்தார். ஜன்னல், தலையணை, சக்கர நாற்காலி என்று குழந்தைகள் படுத்த இடத்திலிருந்து பார்க்கிற பொருள்களின் படங்கள், தொட்டால் அவர் குரலில் அந்தச் சொல் கேட்கும். நன்றாகத்தான் இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மணி நேர வகுப்பில் இருபது நிமிடம் அதையே காட்டிக் காட்டிப் புகழ்ந்தாய். நான் மூன்று நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்த வினாடி வினாவுக்கு "நல்லா இருக்கு, அடுத்தது" என்றாய். அந்த அம்மாள் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் முன்னால் "மன்னிச்சுக்கோங்க சார், மன்னிச்சுக்கோங்க சார்" என்று குழைந்து குழைந்து கேட்பார், அது வேறு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் நீ சிரித்துக்கொண்டே, "நீங்க எங்கம்மா மாதிரியே இருக்கீங்க டீச்சர்" என்றாய். அவ்வளவுதான், போனைப் பட்டென்று அணைத்துவிட்டேன். எங்கம்மா மாதிரியாமே! அசல் அம்மா இங்கே மைக்கை மூடிக்கொண்டு குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், நகல் அம்மாவுக்கு உபசாரம் நடக்கிறது.

மறுநாள் காலை அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார், நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த ஃபைலைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாம், அதனால் ஜாக்கிரதை என்று நீ சொல்லித்தந்திருந்தாய். அவருடைய பன்னிரண்டு பக்கங்களையும் ஒவ்வொன்றாக அழித்தேன். கை தவறி இல்லை. தெரிந்தே செய்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் நம் வகுப்பு மெயில் குழுவில் அவர் எழுதியிருந்தார், "என் பக்கங்களைக் காணோம், நான்தான் எதையோ தெரியாம அமுக்கிட்டேன்போல, எல்லாரும் மன்னிச்சுக்கோங்க" என்று. பழியைத் தானே எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சாக்பீஸ் டீச்சருக்கு மட்டும் தனியாக உன் மெயில் வந்தது. "டீச்சர், யார் எப்போ என்ன மாத்தினாங்கன்னு ஃபைல்லயே பதிவாகும், அதுல உங்க பேர் இருக்கு. புதுசா பழகறவங்க எல்லாருக்கும் நடக்கறதுதான், நானும் செஞ்சிருக்கேன். பழையபடி மீட்டு வச்சிட்டேன். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு யார்கிட்டயும் சொல்லலை, கவலைப்படாதீங்க" என்று எழுதியிருந்தாய். படித்ததும் வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் அந்த வெட்கத்துக்கு நடுவிலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான், அதுவும் யார்மேல் என்கிறாய், அந்த சாக்பீஸ் டீச்சர்மேல். போன வருடம் நான் உண்மையாகவே கை தவறி உன் கல்யாணப் படங்களை அழித்தபோது, "தெரியாததை ஏம்மா நோண்டறே?" என்று கத்தினாயே. வேண்டுமென்றே அழித்த யாரோ ஒருத்திக்கு இத்தனை பரிவு. நான் அம்மாவாக வராமல் யாரோவாக வந்தால்தான் எனக்குக் கிடைக்குமா என்று நினைத்து, அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது, சாக்பீஸ் தூசி என்று சமாளித்தேன்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. வார்டு டீச்சர் தன் மெயிலின் அடியில் போட்டிருந்த எண்ணை எடுத்து அவருக்கே போன் செய்து, நான் யார், என்ன செய்தேன், எதற்காகச் செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "திங்கட்கிழமை காலைல குழந்தைங்க காத்திருந்தாங்க டீச்சர். நான் வெறும் கையோட போய் நின்னேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரே மறுபடி தொடங்கி, "உங்க பையன் வேற ஒருத்தியை அப்படிச் சொன்னா எரியத்தான் செய்யும். ஆனா அதுக்கப்புறம் அவர் சொன்னதை நீங்க கேட்கலையா?" என்றார். நான் அணைத்துவிட்டேன் என்றேன். "அடடா, ரெக்கார்டிங் இருக்கே, நாற்பத்தோராவது நிமிஷத்துல போய்ப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். "நீங்க எங்கம்மா மாதிரியே இருக்கீங்க டீச்சர். அவங்களும் டீச்சர்தான். என்கிட்ட ஒண்ணு கேட்கறதுக்கு முன்னாடி, உனக்கு நேரம் இருந்தா, உனக்கு நேரம் இருந்தான்னு நாலு தடவை சொல்வாங்க. அவங்களை அப்படிப் பயப்பட வச்சது நான்தான். உங்ககிட்டல்லாம் காட்டற பொறுமையில பாதிகூட எங்கம்மாகிட்ட காட்ட வரமாட்டேங்குது, ஏன்னு எனக்கே புரியலை. அதனால நீங்களாவது மன்னிப்புக் கேட்காம கேளுங்க" என்றாய். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாய், குடிக்காமலே கீழே வைத்தாய், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய். நான் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அப்பா எப்போது வந்து என் பின்னால் நின்றார் என்று தெரியாது, முழுக்கக் கேட்டுவிட்டு, மோட்டார் போட வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி காலையிலேயே நிரம்பிவிட்டது.

இதைக் கேட்டதும் என் மனசு குளிர்ந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்புவாய், ஆனால் அது பொய். குளிர்ந்தது பாதி, மீதி இன்னும் எரிகிறது. முப்பத்தெட்டு பேருக்குச் சொன்னாய். முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அது வேறொருத்தர் நிமிடக் கணக்குச் சொல்லி, தேடிப் பார்த்துத்தான் கிடைத்தது. என் பங்கை எனக்கு நேராகக் கொடு கண்ணா. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அதே வார்த்தைகளைச் சொல், நடுவில் தடுமாறினாலும் பரவாயில்லை, அவசரமே இல்லை, நான் காத்திருக்கிறேன். ரெக்கார்ட் மட்டும் பண்ணாதே.

நான் செய்ததற்கு நீ இரண்டு வார்த்தை கோபமாகப் பேசினாலும் வாங்கிக்கொள்வேன். மருமகளிடம் இதைச் சொல்வதும் மறைப்பதும் உன் இஷ்டம். வகுப்பில் நாற்காலி நுனியில் கூன் போட்டு உட்கார்கிறாய், முதுகை நிமிர்த்தி உட்கார். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் வாழ வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

ஒன்றை மறக்காதே. போன வாரம் எல்லாப் பக்கங்களையும் பூட்டிவிட்டாய், செய்தவர்கள் மட்டும்தான் இப்போது மாற்ற முடிகிறது. வார்டு டீச்சரின் பக்கங்களில் என் பெயருக்கும் அனுமதி கொடு. அவரிடம் கேட்டுவிட்டேன், "வாங்க டீச்சர்" என்றார். குழந்தைகளுக்குப் புதிதாகப் பன்னிரண்டு சொற்கள் என் குரலில் பதிந்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா