சாரைப் பாம்புப் பாட்டும் புற்றுமண்ணும்

என் பிரியமான பார்வதி அக்காவுக்கு,

உன் பாட்டெல்லாம் புத்தகமாக வரப்போகிறது. நீ எழுதிக்கொண்டிருந்த சிறுவர் பத்திரிகைக்காரர்களே கேட்டு எழுதியிருக்கிறார்கள். முன்னுரையை நான் எழுத வேண்டுமாம். நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள், போ.

தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டே, வீணாய்ப்போன தந்தி பாரங்களின் பின்பக்கத்தில் நீ எழுதியவை முப்பதுக்கு மேல் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கேட்கும் கரடி மதினி, பள்ளிக்கூட ஜன்னலில் எட்டிப் பார்க்கும் மிளா மான். உன் பாட்டில் எந்த மிருகமும் யாரையும் கடிக்காது. அதுகளும் நம்மைப் பார்த்துப் பயந்துதானே கிடக்கின்றன என்பாய். தெருப்பிள்ளைகள் எல்லாம் பாடித் திரிந்தார்கள். என் மகள் வள்ளிக்குப் பாம்புப் பாட்டுதான் உயிர்.

சாரை அண்ணாச்சி, பைய வாங்க,
சாணி மெழுகின வாசல், இருந்துட்டுப் போங்க.

எமர்ஜென்சி வந்த வருஷம் ஆடி மாதம், விறகு அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். உள்ளே கிடந்தது நல்லபாம்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு எது சாரை, எது நல்லபாம்பு என்று எப்படித் தெரியும்?

நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். புற்றுமண்ணைக் கடிவாயில் அப்பி, தண்ணீரில் கரைத்து வாயிலும் விட்டு, அம்மன் முன்னால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் சொருகிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். இவர் ஆபீஸிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு நடுவீட்டில் வைத்து, தெருவே கேட்கச் சொன்னேன்: "உன் பாட்டுதாம்க்கா எம்பிள்ளையக் கொன்னுட்டு."

அதன் பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இவரும் உன்னோடு பேச்சை விட்டார். நீ செத்ததற்குக்கூட வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இவர் வந்து சேருவதற்கு முன்னால் டாக்டர் என்னிடம் சொன்னார்: "கடிச்சதும் நேரே இங்கன கொண்டாந்திருந்தா ஊசி போட்டுப் பொழைக்க வச்சிருப்பேனம்மா. இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?"

எங்கள் வீட்டிலிருந்து கோயிலைவிட ஆஸ்பத்திரிதான் பக்கம் அக்கா. டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பழி போட உன் பாட்டு கைக்கு வாகாகக் கிடைத்தது, போட்டுவிட்டேன்.

கடைசியில் நீ படுத்த படுக்கையாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே, "என் பாட்டாலதானா ஏட்டி?" என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாய். பாவி, எனக்கு வாய் வரவில்லை. உன்னைவிட என் மானம் பெரிதாகப் போயிற்றா? இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பாம்புப் பாட்டு மட்டும் புத்தகத்தில் வரக்கூடாது என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அது இல்லாமல் புத்தகம் இல்லை. இந்தக் கடிதம்தான் முன்னுரை.

அச்சுக்கு அனுப்புமுன் இவரிடம் வாசித்துக் காட்டப் போகிறேன். அடுத்த அறையில்தான் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்ட பிறகு என் முகத்தில் விழிப்பாரோ மாட்டாரோ. ஆனால் நடுவில் நிறுத்த மாட்டேன் அக்கா, இது சத்தியம்.

உன்னைப் பழியோடு அனுப்பிவைத்த
உன் கூடப்பிறந்த தங்கை,
செண்பகம்