கலந்துவிட்ட கருமணல்

என் கண்ணான குமரேசா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் இது உன் நைனாவே எழுதுவது. நீ போன பிறகு பட்டினப்பாக்கத்தில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டை நானே படிக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் கேட்காவிட்டாலும் சத்தமாகப் படித்துச் சொல்கிறேன்.

ஆனால் இன்று கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் கூட்டாளி ஷாகுல், அடையாறில் நீங்கள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு என்னை வரச் சொன்னான். கருமணலிலிருந்து ஒரு பொடி செய்திருக்கிறான். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடாம். சாயத் தண்ணீரில் அதைப் போட்டு வெயிலில் வைத்தான். நிறம் போய்த் தண்ணீர் தெளிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கு வினையூக்கி என்று பேராம், தான் தேயாமல் மற்றதை வேலை வாங்குமாம். உன்னை மாதிரியா என்று கேட்டேன். சிரித்தான்.

அப்புறம்தான் அலமாரியில் உன் மணல் பாட்டில்களைப் பார்த்தேன். ‘பட்டினப்பாக்கம், புயலுக்கு மறுநாள்.’ ‘கோவளம், அலை ஏறும் இடம்.’ உன் கையெழுத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்தேன் குமரேசா. எல்லாம் காலி பாட்டில்.

ஒரு கரை மணல் மட்டும் பொடி செய்யப் போதவில்லையாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைத்துவிட்டான். எந்தக் கரை மணல் எந்த மலை உடைந்து, எந்த ஆற்றில் உருண்டு வந்தது என்று மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு மணியாகப் பார்த்தாயே? கலந்த மணலிடம் இனி அதை யார் கேட்பது?

திட்டித் தீர்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “குமரேசன்தான் சொன்னான் நைனா. வேணும்னா எட்துக்கோ மச்சி, நான் வேற வாரிக்கினு வரேன்னு” என்றான்.

வாரிக்கொண்டு வர நீ உயிரோடு இருக்கிறாயாடா? கேட்டவனுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? புயலுக்கு மறுநாள் கிடந்த மணல் இன்னொரு தடவை கிடைக்குமா? அவனைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

இந்தப் பொடியைப் பற்றி எழுதும் ஆய்வுக் கட்டுரையில் உன் பேரையும் சேர்க்க என்னிடம் சம்மதம் கேட்டான். வேண்டாம் என்றேன். “போடணும்னா, எந்தெந்தக் கரை மணலைக் கலந்து கெடுத்தேன்னு அதையும் எழுது. அப்பால அவன் பேரைப் போடு.”

காலி பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தான். பிறகு, எழுதுகிறேன் என்றான். தமிழிலும் ஒரு பிரதி கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவான். ஒரு கரை விட்டுப்போயிருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். அவன் என்ன எழுதினான் என்று அடுத்த வாரம் உனக்குச் சொல்கிறேன். அதற்குள் என் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைக்காதே.

உன்னைத் திட்டவும் உன்னைவிட்டால் ஆளில்லாத,
உன் நைனா